லென்ஸ் இருக்கட்டும் மக்கா, முதல்ல காதைத் தீட்டு

எங்கள் ஊர்ப் பக்கக் கல்லூரிகளில் இப்போது இரண்டே வகைப் பசங்கதான் இருக்கிறார்கள். ஷார்ட் பிலிம் எடுத்தவர்கள், இனிமேல் எடுக்கப் போகிறவர்கள். இரண்டாவது வகை ஆள் முதல் வகை ஆளைப் பார்த்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, "லே மக்கா, எந்தக் கேமரா வாங்கலாம்?" என்பதுதான். கதை என்ன, யார் நடிப்பது, எங்கே எடுப்பது என்பதெல்லாம் அப்புறம். பல வீடுகளில் இந்தக் கேள்விக்கான பதில் அம்மாவின் வளையலில் போய் முடிகிறது. அடகுக் கடை, சீட்டுப் பணம், இல்லாவிட்டால் மாதத் தவணை.

அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். போட்டோ எடுக்கும் டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் வீடியோவும் எடுக்கலாம் என்பது 2008-இல்தான் வந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் நிக்கான் டி90 அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2 வந்தது. இரண்டாவதில் முழு ஹெச்.டி. அதற்கு முன்னால் நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டிய வீடியோ கேமராக்களில் சென்சார் சுண்டு விரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும். முகம், பின்னால் இருக்கும் சுவர், சுவரில் தொங்கும் காலண்டர் எல்லாம் ஒரே தெளிவில் தெரியும். அதனால் என்ன எடுத்தாலும் கல்யாண வீடியோ மாதிரியே இருக்கும். டி.எஸ்.எல்.ஆரின் சென்சார் பெரியது, லென்ஸையும் மாற்றலாம். முகம் மட்டும் தெளிவாக நின்று பின்னணி கரைந்து போகும். "சினிமா மாதிரியே இருக்குலே" என்று எல்லோரும் சொன்னது இதைத்தான்.

அப்புறம் நிஜமாகவே சினிமாக்காரர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். இந்தியில் அமோல் குப்தே எடுத்த 'ஸ்டான்லி கா டப்பா' (2011), பக்கத்து மாநிலத்தில் சமீர் தாஹிர் எடுத்த 'சாப்பா குரிசு' (2011), இரண்டும் கேனான் 7டி கேமராவில் எடுத்தவை. தமிழில் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' (2012) கேனான் ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்டது, ஒளிப்பதிவு விஜய் மில்டன். இதே காலத்தில் கலைஞர் தொலைக்காட்சியில் 2009 முதல் வந்த 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் எல்லோரும் 2012, 2013-இல் பெரிய திரைக்கு வந்துவிட்டார்கள். தமிழ்நாட்டுப் பையன்களுக்கு வேறென்ன வேண்டும்? கேமரா இருந்தால் இயக்குநர் என்று முடிவு கட்டிவிட்டோம்.

ஆனால் அந்தப் படங்களை இன்னொரு தடவை பாருங்கள். 'ஸ்டான்லி கா டப்பா'வில் பையன்கள் பையன்களாகவே இருக்கிறார்கள். காரணம், சனிக்கிழமை சனிக்கிழமை சில மணி நேரம் பட்டறை மாதிரி நடத்தி, அதை அப்படியே படமாக்கினார்கள். குழந்தைகளை மிரட்டாத அளவுக்குச் சின்னக் கேமரா என்பதுதான் அங்கே 7டி செய்த உதவி. 'வழக்கு எண்' படத்திலும் சென்னைத் தெருவோரத்தில் கூட்டத்துக்கு நடுவே போய் நிற்க அது உதவியது. அவர்கள் அந்தக் கேமராவை எடுத்தது மனிதர்களுக்குப் பக்கத்தில் போவதற்கு. நாம் எடுப்பது பின்னணியைக் கரைப்பதற்கு. நாஞ்சில் நாட்டில் நின்றுகொண்டு பின்னணியைக் கரைத்தால் மிச்சம் என்ன இருக்கும்? வேளிமலையும் வயலும் தென்னையும் போய், ஒரு பையனின் தாடி மட்டும் இருக்கும் :)

சரி, கேமராவுக்கே வருவோம். இன்று டி.எஸ்.எல்.ஆர். வழக்கொழிந்து கொண்டிருக்கும் பொருள். தன்னுடைய உச்ச ரக டி.எஸ்.எல்.ஆர். வரிசையில் 2020-இல் வந்த 1டிஎக்ஸ் மார்க் 3 தான் கடைசி என்று கேனான் தரப்பே 2021-இல் சொல்லிவிட்டது. ஸ்டூடியோக்காரர்கள் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டார்கள், மற்றவர்கள் கைபேசிக்கு. கற்றுக்கொள்ளப் போகிறவனுக்கு இது நல்ல செய்தி. பழைய டி.எஸ்.எல்.ஆர்.கள் வீட்டு அலமாரிகளில் சும்மா தூங்குகின்றன. மாமா பையனிடமோ தெரிந்த ஸ்டூடியோ அண்ணனிடமோ இரண்டு நாள் இரவல் கேட்டுப் பாருங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் பழையது வாங்குங்கள். வளையல் வீட்டிலேயே இருக்கட்டும்.

பழையது வாங்கும்போது நம் மாவட்டத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கூடவே கடல் ஈரம். லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. லென்ஸின் ஒரு பக்கம் கைபேசி டார்ச்சை அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரிக் கோடு தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வாங்கிய பிறகு தோல்பையில் வைத்துப் பூட்டாமல், இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

"கைபேசியே நன்றாக எடுக்கிறதே, பிறகு டி.எஸ்.எல்.ஆர். எதற்கு?" நியாயமான கேள்வி. கைபேசி எல்லாவற்றையும் தானே முடிவு செய்துவிடும். நாம் பட்டனை அமுக்குவதோடு சரி. டி.எஸ்.எல்.ஆரில் ஷட்டர், அபெர்ச்சர், ஐ.எஸ்.ஓ. மூன்றையும் நாமே திருப்ப வேண்டும். தப்பாகத் திருப்பினால் தப்பாகத் தெரியும், ஏன் என்று யோசிக்க வைக்கும். கற்றுக்கொள்வதற்கு அது வேண்டும். மற்றபடி படம் எடுக்கக் கைபேசி போதும்.

யூடியூபில் வெள்ளைக்காரர்கள் நடத்தும் பாடத்தை அப்படியே பின்பற்றினால் நம் ஊரில் சில இடங்களில் உதைக்கும். உதாரணத்துக்கு, 24 பிரேமில் எடுத்தால்தான் சினிமா மாதிரி வரும் என்பார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய பாணி டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/60-இல் வைத்து டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டை ஊர்ந்து போகும். மெனுவில் 'பால்' முறைக்கு மாற்றி, 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை தீர்ந்தது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அவர்களுக்கு 1/60 ஒத்துவரும். அவர்கள் மேல் தப்பில்லை.

அடுத்தது வெயில். முட்டம் கடற்கரையில் உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/50 என்று வைத்தால் அபெர்ச்சர் எஃப் 22 வரை சுருங்க வேண்டியிருக்கும். எஃப் 2.8-இல் எடுக்க ஆசைப்பட்டால் 6 ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். அதாவது 64-இல் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் என்.டி. பில்டர் தேவை. பில்டர் இல்லையா, காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நான்கு மணிக்குப் பிறகோ போங்கள். இன்னொன்று, வீடியோ எடுக்கும்போது டி.எஸ்.எல்.ஆரின் உள் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். கண் வைத்துப் பார்க்கும் துவாரம் இருண்டுவிடும். பின்பக்கத் திரையில்தான் பார்த்தாக வேண்டும், வெயிலில் அது தெரியாது. பழைய போட்டோக்காரர்கள் தலையில் கறுப்புத் துணி போட்டுக்கொண்ட மாதிரி ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். யாரும் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பேருந்து ஜன்னலிலிருந்து காற்றாலைகளை எடுக்காதவர் கிடையாது. வீட்டில் வந்து பார்த்தால் சாலையோர மின்கம்பம் எல்லாம் சாய்ந்து நிற்கும். கேமரா கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். இந்தச் சென்சார்கள் முழுப் படத்தையும் ஒரே நொடியில் பிடிப்பதில்லை, மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கும். மேல் வரியைப் படித்துவிட்டுக் கீழ் வரிக்கு வருவதற்குள் பேருந்து நகர்ந்துவிடுகிறது. 'ரோலிங் ஷட்டர்' என்பது இதுதான். மருந்து சுலபம்: இறங்கி நின்று எடுங்கள்.

பழைய கேமராக்களில் 12 நிமிடத்தில் ஒளிப்பதிவு தானாக நின்றுவிடும். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 330 எம்.பி. போகும். அந்தக் காலக் கார்டு முறையில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. வகுத்துப் பாருங்கள், 12 வரும். பிறகு வந்த கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் நிற்கும். 30 நிமிடம் ஓடினால் ஐரோப்பாவில் வீடியோ கேமரா என்று கணக்கிட்டுக் கூடுதல் சுங்கவரி போட்டார்கள், அதனால் வந்த வினை. அங்கே போட்ட வரிக்கு இங்கே கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்துக் கேமரா நின்று போகும்! கடிகாரத்தில் ஒரு கண் வைத்திருந்தால் தப்பிக்கலாம்.

இதுவரை சொன்னது எல்லாம் இரண்டு வாரத்தில் பழகிவிடும். கஷ்டமான பாடம் இனிமேல்தான். சத்தம்.

நம் மாணவர் குறும்படங்களில் நூற்றுக்கு தொண்ணூறு படம் படுத்துவிடுவது சத்தத்தில். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் யாரும் எழுந்து போக மாட்டார்கள். பேசுவது புரியவில்லை என்றால் ஒரு நிமிடம் உட்கார மாட்டார்கள். டி.எஸ்.எல்.ஆரில் உள்ள மைக் பட்டாணி அளவு. லென்ஸ் போகஸ் தேடும் 'கிர்' சத்தம், நம் விரல் உரசும் சத்தம், கடற்கரைக் காற்று எல்லாம் அதில் முதலில் விழும், ஆள் பேசுவது கடைசியில் விழும். பேச்சு நின்றதும் ஆட்டோ கெயின் இரைச்சலை வேறு தூக்கிக் காட்டும்.

இதற்குச் செலவே இல்லாத வழி உண்டு. பேசுகிறவரின் சட்டைப் பையில் ஒரு கைபேசியை ஒலிப்பதிவில் போட்டு ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். கேமராவையும் ஓட விடுங்கள். பிரேமுக்குள் ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். எடிட்டிங்கில் கைகள் சேரும் பிரேமையும் 'டப்' சத்தத்தையும் ஒன்றாக வைத்தால் பேச்சு உதட்டோடு பொருந்திவிடும். சினிமாவில் கிளாப் அடிப்பதும் இதற்குத்தான், ஸ்டைலுக்கு இல்லை. கிளம்புவதற்கு முன்னால் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி அந்த இடத்தின் சும்மா சத்தத்தை 30 நொடி பிடித்து வையுங்கள். வெட்டிய இடங்களை ஒட்டுப்போட அது உதவும்.

சத்தத்தை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு நம் ஊர் சார்ந்த காரணம் ஒன்று இருக்கிறது. எழுத்தில் நாம் ஏழைகள் இல்லை. கவிமணியின் 'மருமக்கள்வழி மான்மியம்' தொடங்கி சுந்தர ராமசாமி, நாஞ்சில் நாடன், தோப்பில் முகமது மீரான், ஜெயமோகன் என்று இந்தச் சின்ன மாவட்டத்தின் பேச்சு புத்தகத்தில் ஏறியிருக்கிறது. ஆனால் புத்தகத்தில் சொல் இருக்கும், ராகம் இருக்காது. தோவாளைப் பூச்சந்தையில் ஒருவர் விலை சொல்லும் இழுப்பு, விளவங்கோட்டுப் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்து வரும் ஏற்ற இறக்கம், குளச்சல் கடற்கரையில் ஏலம் போடுகிறவரின் வேகம், பறக்கை வயல்காட்டுக் கிழவர் ஒருவர் "கேட்டியா" என்று ஆரம்பித்துக் கதை சொல்வது, இவை எதையும் அச்சில் கேட்க முடியாது. நம் வீட்டிலேயே பாருங்கள். தாத்தா பேசுவது மாதிரி அப்பா பேசுவதில்லை. அப்பா பேசுவது மாதிரி நாம் பேசுவதில்லை, டி.வி. தொகுப்பாளர் மாதிரிப் பேசுகிறோம். ஒரு தலைமுறை போனால் அந்த ராகம் போய்விடும். அதைப் பிடித்து வைக்கக்கூடிய கருவி முதல் தடவையாகச் சாதாரண மாணவன் கையில் வந்திருக்கிறது. நாம் அதை வைத்து என்ன செய்கிறோம்? ஸ்லோமோஷனில் நடந்து வருகிறோம், பின்னால் இளையராஜா பாட்டைப் போட்டுவிடுகிறோம்.

கொடை விழாவில் வில்லுப்பாட்டை எடுத்துப் பாருங்கள். வில், உடுக்கை, குடம், தாளம், கட்டை என்று ஐந்து சத்தம் ஒன்றன் மேல் ஒன்று. நடுவே புலவரின் குரல், பின்பாட்டு, ஜெனரேட்டர், பட்டாசு. அதில் குரலை மட்டும் தெளிவாகப் பிடிக்கத் தெரிந்தவன் எந்த சினிமாக் கம்பெனியிலும் வேலை பார்க்கலாம்.

இனி எடிட்டிங். "என் லேப்டாப் தாங்காது" என்பது அடுத்த சாக்கு. அரசு 2011 முதல் கொடுத்த இலவச மடிக்கணினியிலும் எடிட் பண்ண முடியும். அதற்கு 'பிராக்ஸி' என்று ஒரு வழி உண்டு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் எடை குறைந்த ஒரு நகல் செய்து, அதை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் மட்டும் அசலை மாட்டிக்கொள்வது. ஷாட்கட், கேடன்லைவ் இரண்டும் இலவசம், திறந்த மூல மென்பொருள்கள், இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. கணினி கொஞ்சம் பலசாலி என்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். திருட்டு மென்பொருளும் அதோடு சேர்ந்து வைரஸும் இறக்க வேண்டிய அவசியமே இல்லை.

மென்பொருளைவிட முக்கியம், வெட்டு என்ன செய்யும் என்று தெரிவது. 1920 வாக்கில் ரஷ்யாவில் குலெஷோவ் என்பவர் ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்டினார். பக்கத்தில் எதை வைத்தாரோ அதற்கேற்ற உணர்ச்சி அந்த முகத்தில் இருப்பதாகப் பார்த்தவர்கள் நினைத்தார்கள். நாமும் செய்து பார்க்கலாம். ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து தூரத்தில் பார்க்கிறார். அடுத்த ஷாட் நெற்கதிர் ஆடும் வயல். மனிதர் திருப்தியாக இருக்கிறார். வயல் ஷாட்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் எல்லைக்கல் நட்டு வண்ணக்கொடி கட்டிய பிளாட்டை வையுங்கள். முகம் அதேதான், பார்க்கிற நமக்கு வயிற்றைப் பிசையும். இதற்கு எந்த லென்ஸும் காரணம் இல்லை. வால்டர் மர்ச் என்ற எடிட்டர், ஒரு வெட்டை எங்கே போடுவது என்பதற்கு ஆறு காரணங்களை வரிசைப்படுத்தி, அதில் உணர்ச்சிக்கு மட்டும் 51 சதவீதம் கொடுத்தார். மற்ற ஐந்தும் சேர்ந்து 49 தான்.

இதற்கு இரண்டு மறுப்பு வரும், தெரியும். முதலாவது: "இதெல்லாம் பேசி வயிறு நிறையுமா? கல்யாண வீடியோ எடுத்தாலாவது நாலு காசு பார்க்கலாம்." தாராளமாக எடுங்கள். கல்யாண வீட்டு வேலையை மட்டமாக நினைப்பவன் நான் இல்லை. தாலி கட்டுவதற்கு ரீடேக் கிடையாது. எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று அதைவிட நன்றாக எந்தக் கல்லூரியும் சொல்லித்தராது. ஆனால் அங்கே பிழைப்புக்கு வேண்டியதும் போகஸும் சத்தமும் வெட்டும்தான். புதுக் கேமரா அல்ல.

இரண்டாவது: "நம்ம ஊர்ல எடுக்க என்ன இருக்கு? சூரிய உதயமும் வள்ளுவர் சிலையும்தானே." அவை இரண்டையும் லட்சம் பேர் எடுத்துவிட்டார்கள், இனியும் எடுப்பார்கள். 1981-இல் பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' எடுக்க முட்டத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு பாறையும் அலையும் எத்தனையோ பாட்டில் வந்துவிட்டன. அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் இருக்கும் வீடுகள் எத்தனை படத்தில் வந்தன? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கடலுக்குப் போனவர்களைத் தேடி கிராமம் கிராமமாகக் காத்திருந்தார்கள். டிசம்பரில் குழித்துறையில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அந்த மக்களைப் பேச வைத்து 2018-இல் 'ஒருத்தரும் வரேல' என்ற ஆவணப்படத்தை எடுத்தவர் திவ்யபாரதி, வெளியூர்க்காரர். அவர் வந்து எடுத்ததற்கு நன்றி. ஆனால் மாவட்டத்தில் இத்தனை கல்லூரி, இத்தனை கேமரா இருந்தும் நாம் என்ன எடுத்து வைத்தோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா?

ஒரே ஒரு நிபந்தனை. மீன் விற்கும் அம்மா, பனையேறும் தாத்தா, பூ கட்டும் அக்கா, யாராக இருந்தாலும் முதலில் கேமராவை மூடி வைத்துவிட்டுப் பேசுங்கள். எடுக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எடுத்தால் முடித்த படத்தை அவர்களுக்குப் போய்க் காட்டுங்கள். தூரத்தில் நின்று ஜூம் பண்ணி ஒருவரின் கஷ்டத்தைத் திருடுவது படம் எடுப்பது ஆகாது.

சரி, எங்கே ஆரம்பிப்பது? ஒரு சின்ன வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை, கிடைத்த கேமராவையோ கைபேசியையோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் வயதானவர் ஒருவரிடம், அவர் சின்ன வயதில் செய்த ஒரு வேலையை எப்படிச் செய்வார்கள் என்று கேளுங்கள். மரமடித்தலோ, கருப்பட்டி காய்ச்சலோ, வலை பின்னலோ, எதுவானாலும் சரி. சட்டைப் பையில் ஒலிப்பதிவு ஓடட்டும். பிறகு கை, முகம், முற்றம், கருவி என்று பத்து ஷாட், ஒவ்வொன்றும் பத்து நொடி, ஆடாமல். பாட்டு கிடையாது, ஸ்லோமோஷன் கிடையாது. மூன்று நிமிடத்துக்குள் வெட்டி முடியுங்கள். எடுத்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள். கேட்டாலே ஆள் தெரிகிறார் என்றால் நீங்கள் தேறிவிட்டீர்கள். எந்தக் கேமரா வாங்கலாம் என்று அப்புறம் பேசுவோம்.